குமிழின் மேல் ஒரு விரல்

முப்பத்தொரு ஆண்டுகள் நான் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகச் சென்று தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிப்பதும், சரியாக இருந்தால் முத்திரையிடுவதும், இல்லையென்றால் பறிமுதல் செய்வதும் என் பணி. வியாபாரிகள் எல்லோரும் திருடர்கள் அல்லர்; பெரும்பாலோர் நல்லவர்களே. ஆனால் நல்லவர்களுக்கும் விரல்கள் உண்டு. தட்டு ஆடுகிறதே என்று சுண்டுவிரலால் அதை நிறுத்துவார்கள். நிறுத்திய விரல் அங்கேயே தங்கிவிடும். தங்கியிருப்பது அவர்களுக்கே தெரியாது. "கையை எடுங்க" என்பதுதான் பணிக்காலம் முழுவதும் நான் மிகுதியாகச் சொன்ன வாக்கியம். கல்யாணத்தன்று மாலை தன்னிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன் என்று என் கணவர் உறவினர் கூடும் இடங்களிலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். அது பொய். நான் மறுத்ததில்லை.

அவர் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். எங்கள் ஒரே மகள் மேடைகளுக்கு விளக்கு அமைப்பவள். அவளுடைய பெயரை நான் முழுவதுமாகச் சொல்லிக் கூப்பிடுவேன். அவருக்கு அவள் "வாலு". முப்பத்து நான்கு வயதிலும் வாலுதான். இரண்டரை ஆண்டுகளுக்கு முன், ஓர் அரங்கில் விளக்குச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பதினெட்டு அடி உயரத்திலிருந்து விழுந்தாள். இடுப்பில் கட்டியிருக்க வேண்டிய கயிறு ஏணியின் காலில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அவள் உயிரோடு இருக்கிறாள். தானாகவே மூச்சு விடுகிறாள். பகலில் இமைகளைத் திறக்கிறாள். திறந்த கண்களில் கருவிழிகள் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மெல்ல உலவிக்கொண்டே இருக்கும். அந்த உலவலுக்குப் பொருள் ஏதுமில்லை என்று மருத்துவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

அவள் இருந்த பிரிவில் நாள்தோறும் கைகால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி தருவார்கள். அதில் இடம் பெறுவது கடினம். தக்கவைப்பது அதைவிடக் கடினம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிப்பார்கள். முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள்; கண்கள் அதைத் தொடர்ந்தால் உள்ளே ஏதோ விழித்திருக்கிறது என்று பொருள். இரண்டு முறை தொடரவில்லை. மூன்றாவது முறையும் தொடராவிட்டால் அவளை நெடுநாள் படுக்கைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பயிற்சியாளர் இல்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம்.

"கண்ணாடியக் காட்டுறாங்களாம், கண்ணாடிய!" என்றார் என் கணவர், இரண்டாம் சோதனை முடிந்து வீடு திரும்பிய அன்று. "அவ என்னிக்கு கண்ணாடி பாத்தா? தலை சீவுறதுக்கே நீ தொரத்தணும்."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"அவளுக்கு லைட்டக் காட்டணும். அவளோட லைட்ட."

அவளுடைய கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். அவள் தன் கையாலேயே செய்யத் தொடங்கிப் பாதியில் விட்ட லேசர் ஒளிக்கருவி அதில் இருந்தது. மூடியின் மேல் தடித்த பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள்: "அப்பா, தொடாதே. தொட்டால் தெரிந்துவிடும்."

"தொட்டுட்டேன் வாலு," என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே கனமான அலுமினியப் பலகை. அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர்கள். ஒரு நிறத்தை மட்டும் திருப்பிவிட்டு மற்றவற்றை ஊடுருவ விடும் இரண்டு ஆடித் துண்டுகள். கடைசியில், சுண்டுவிரல் நகத்தளவே உள்ள இரண்டு குட்டி ஆடிகள், தத்தம் மோட்டாரின் முனையில். மூன்று நிறக் கதிர்களையும் ஒரே கோட்டில் சேர்த்து அந்தக் குட்டி ஆடிகளின் மேல் விழச் செய்தால், அவை நொடிக்குப் பல்லாயிரம் முறை அசைந்து ஒளியால் படம் வரையும். நிறங்கள் சரியாகச் சேர்ந்தால் கோடு வெள்ளையாகத் தெரியும். சேராவிட்டால் ஒரு படம் மூன்று படமாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு நோட்டும் இருந்தது. என் மகளின் கையெழுத்து சாய்ந்த வேலி போன்றது. பலமுறை கண்டித்திருக்கிறேன். முதல் பக்கத்தில், "பச்சையை அசைக்காதே. பச்சைதான் மாமியார். மற்ற இரண்டும் அனுசரித்துப் போக வேண்டும்" என்றிருந்தது. அவர் அதை நான்கு முறை வாசித்தார். நான்கு முறையும் சிரித்தார். நான்காவது முறை சிரிப்பை முடிக்க முடியவில்லை.

வேலை ஐந்து மாதம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் இடமில்லாததால் நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எனக்கு அந்த ஒழுங்கின்மை பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். லேசர்களின் வீரியத்தை மிகக் குறைவாக வைத்து, ஒரு முழ தூரத்தில் அட்டையை நிறுத்தி, அதில் மூன்று புள்ளிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவந்தார். அட்டையில் வெள்ளைப் புள்ளி ஒன்று பளிச்சென்று நின்றது.

"மூணும் ஒண்ணாச்சு! என்ன இன்ஸ்பெக்டரம்மா, முத்திரை குத்தலாமா?"

"அட்டைய நடைவழிக் கோடிக்கு எடுத்துட்டுப் போறேன். இருங்க."

பதினோரு மீட்டர் நடந்து கோடிச் சுவரில் அட்டையைப் பிடித்தேன். பச்சை மட்டுமே அட்டையில் விழுந்தது. சிவப்பு சுவிட்சுப் பலகையின் மேலும், நீலம் செருப்பு அலமாரியின் மேலும் கிடந்தன.

"இது சேந்தது இல்ல," என்றேன். "முச்சந்தியில மூணு பேரு மோதிக்கிட்டது."

"உங்கிட்ட வேல பாக்குறதுக்கு பதிலா எதாவது ஒரு மெஷின்கிட்டயே பாக்கலாம். அது திட்டாது."

தூரத்திலும் சேர வேண்டும் என்பது நோட்டிலேயே இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தார். கிட்டத்தில் ஓர் அட்டை, தூரத்தில் ஓர் அட்டை. லேசரை நகர்த்தினால் கிட்டத்து அட்டையில் சரியாகும். ஆடியின் ஸ்க்ரூவைத் திருகினால் தூரத்து அட்டையில் சரியாகும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். மாறி மாறித் திருத்தத் திருத்த, கேடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறையும். கிட்டத்திலிருந்து தூரம்வரை கதிர்கள் பிரியாமல் ஒன்றாகவே ஓட வேண்டும். அவர் மேசையருகே திருப்புளியோடு குனிந்திருப்பார். நான் நடைவழிக் கோடியில் அட்டையோடு நின்றிருப்பேன்.

"சிவப்பு?"

"ஒரு நூல் மேல."

"இப்ப?"

"அரை நூல். போதும், போதும்! கீழ போயிருச்சு. என்ன அவசரம் உங்களுக்கு?"

"நூலு, அரை நூலு! தையக்காரனக் கட்டியிருக்கலாம் நீ."

நாற்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அந்த ஐந்து மாதங்களில்தான் என்று நினைக்கிறேன்.

கருவியின் மறுபாதியை அவரே வடிவமைத்தார். மேற்கூரையில் சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளை வட்டம் ஒன்று தோன்றும். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போய், திரும்பி வரும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கறுப்புக் குமிழ். முழுவதும் குறைத்தால் வட்டம் அப்படியே நிற்கும். ஒளி எக்காரணத்தாலும் அவள் கண்ணில் நேராகப் படக் கூடாது என்பதால், கருவியின் வாயில் தகடு பொருத்திக் கீழ்ப்புறத்தை அடைத்தார். குட்டி ஆடிகள் நின்றுபோனால் லேசர்களும் அக்கணமே அணைந்துவிடும். மருத்துவமனையின் கருவிப் பொறியாளர் மீட்டரை வைத்து அளந்து, அனுமதித்துக் கையெழுத்திட்டார். வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்காக என் கணவர் பதினோரு நாள் மாலை அவள் அருகே கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, அவளுடைய கருவிழிகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார்.

"அவளுக்கு சௌகரியமான வேகம் வேணும்ல," என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாம் சோதனைக்கு மூன்று நாள் முன்பு, பிற்பகலில், செவிலியின் அனுமதியோடு அறையின் திரைகளை மூடி ஒத்திகை பார்த்தோம். அவர் கட்டிலை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்தார். குட்டி ஆடிகள் கொசு ரீங்கரிப்பது போல் ஒலித்தன. வெள்ளை வட்டம் மேற்கூரையில் மலர்ந்தது, பிசிறில்லை, நிறப்பிரிவில்லை. அது வலப்புறம் நகரத் தொடங்கியது. என் மகளின் கண்களும் வலப்புறம் நகர்ந்தன. வட்டம் கோடியில் நின்று திரும்பியது. கண்களும் நின்று திரும்பின.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா?" என்றார். "ஏய், பாத்தியா? வாலு! அம்மா வந்திருக்கா பாரு, அட்டை பிடிச்சதே அவதான்!"

மூன்று சுற்று நான் கண்களை மட்டுமே பார்த்தேன். அந்த மூன்று சுற்றுக்கு நான் தாயாக மட்டும் இருந்தேன். நான்காவது சுற்றில், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம் என் பார்வையைத் தட்டிலிருந்து கைக்கு இழுத்தது. அவருடைய ஆட்காட்டி விரல் குமிழின் மேல் இருந்தது. அவர் குமிழைப் பார்க்கவில்லை, மேற்கூரையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் ஓரிடத்தில் தயங்கியபோது விரல் மயிரிழை பின்வாங்கியது, வட்டம் காத்திருந்தது. கண் நகர்ந்தபோது விரலும் நகர்ந்தது; வட்டம் புறப்பட்டது. அவள் கண்கள் ஒளியைத் தொடரவில்லை. ஒளிதான் அவள் கண்களைத் தொடர்ந்தது.

பேருந்தில் வரும்போது கேட்டேன். "அந்தக் குமிழ எதுக்கு தொட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"எங்க தொட்டேன்? ஆரம்பத்துல ஒருதடவ."

"தொட்டுக்கிட்டே இருந்தீங்க."

அவர் தம் விரலையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. "லேசா வச்சிருந்திருப்பேன். அவ பின்தங்கிரக் கூடாதில்ல? சைக்கிள் கத்துக்குடுத்தப்ப நான் சீட்டப் புடிச்சுக்கிட்டு கூடவே ஓடல? அந்த மாதிரி." பிறகு சன்னல் பக்கம் திரும்பிச் சீட்டியடிக்கத் தொடங்கினார். அவர் சீட்டியடித்து இரண்டு ஆண்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அடுத்த மூன்று நாள்களில் எட்டு முறை சொல்ல வாய் திறந்தேன். எட்டு முறையும் வேறு எதையோ சொன்னேன். ஒரு முறை உப்பு வாங்க வேண்டும் என்று.

சோதனை நாளன்று, தலை நரைக்கத் தொடங்கியிருந்த அந்த மருத்துவர் முதலில் கண்ணாடியையே காட்டினார். கண்கள் தம் போக்கில் உலவின. அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார். பிறகு, "சரி, உங்க லைட்டப் போடுங்கய்யா," என்று சொல்லித் தலைமாட்டில் குனிந்து நின்றார்.

வட்டம் போயிற்று, கண்கள் போயின. வட்டம் வந்தது, கண்கள் வந்தன.

"ம்," என்றார் மருத்துவர். "மறுபடி."

மறுபடியும் அப்படியே நடந்தது.

"இன்னொரு தடவ." அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "நான் இத எதிர்பாக்கல."

"எம்பொண்ணு, டாக்டர்!" என்றார் என் கணவர், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே. துடைக்கும் கை குமிழின் மேல் இருந்தது. "வெளிச்சம்னா விட மாட்டா. சின்ன வயசுல டார்ச்ச பிரிச்சுப் போட்டு அடி வாங்குனவ!"

மருத்துவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தத் தாளில் ஒரு குறி விழுந்தால் ஆறு மாதம். ஆறு மாதம் நாள்தோறும் யாரேனும் அவள் விரல்களைப் பிரித்து நீட்டுவார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதைவிட எளிதான செயல் உலகில் இல்லை.

"கையை எடுங்க," என்றேன்.

அவர் திரும்பினார். "என்னது?"

"குமிழ்ல இருந்து கைய எடுங்க. மடியில வச்சுக்குங்க. அது தானா ஓடட்டும்."

கையை எடுத்த பின்னும் முள் நடுவிலேயே நின்ற தராசுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன். நேர்மைக்காக மட்டும் சொன்னேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அவர் என்னைப் பார்த்தார். தம் விரலைப் பார்த்தார். பேருந்தில் புரியாதது அப்போது அவருக்குப் புரிந்தது. மிக மெல்லக் கையை எடுத்து, இன்னொரு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் பாதிவரை வட்டமும் கண்களும் சேர்ந்தே போயின. பிறகு கண்கள் ஓரிடத்தில் தயங்கின; வட்டம் காத்திருக்கவில்லை. அது வலக்கோடிக்குப் போய்த் திரும்பியது. கண்கள் அப்போதுதான் வலப்புறச் சன்னல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவழியில் இரண்டும் எதிரெதிராகக் கடந்தன. என் மகளின் கண்கள் நிற்கவில்லை. அங்கே ஒளி இருந்ததாகவே அவை காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவ பாக்கலாம்," என்றார் மருத்துவர். ஆறு தடவை பார்த்தோம். ஏழாவது தடவைக்கு அவர் கேட்கவில்லை.

பேனாவை மூடியபடி என்னிடம் சொன்னார்: "நீங்க சொல்லலைன்னா எழுதியிருப்பேன்மா."

"தெரியும்."

நடைவழியில் என் கணவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார். படிக்கட்டின் அருகே நின்றார். "முப்பத்தோரு வருசமா ஊரான் தராசு. கடசியில எம்பொண்ணு ஒனக்குத் தராசாயிட்டாளா?"

"நம்ம பொண்ணு."

"நம்ம பொண்ணுன்னா சொல்லியிருப்பியா?"

அவர் இருபத்தேழு நாள் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், எந்தப் பூசலும் இல்லை. மேசையில் மறுபடி இடம் கிடைத்தது. ஆளுக்கொரு நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நெடுநாள் படுக்கைப் பிரிவு வேறு கட்டடத்தில் இருக்கிறது. ஓர் அறையில் பன்னிரண்டு கட்டில்கள். வியாழக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணிவரை பார்க்கலாம். இரண்டாம் வாரமே அவள் விரல்கள் உள்நோக்கி மடங்கத் தொடங்கின. நகம் உள்ளங்கையில் பதியாமல் இருக்க, துணியைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் துணியைக் காணவில்லை. கேட்டதற்கு, "சலவைக்குப் போயிருக்கும்மா," என்றார்கள். புதிதாக ஒன்றைச் சுருட்டி வைத்தேன்.

நான்காம் வியாழன் அவர் பெட்டியையும் எடுத்து வந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அறையின் மேற்கூரை தாழ்வானது, சுண்ணாம்பு உரிந்தது. கருவியை வைத்து இயக்கினார். பேருந்தின் குலுக்கலில் எல்லாம் கலைந்திருந்தன. மேலே மூன்று வட்டங்கள் தெரிந்தன. பச்சை தன் இடத்தில் இருந்தது. நீலம் அடுத்த கட்டிலில் படுத்திருந்த அம்மையாருக்கு நேர்மேலே போயிருந்தது.

அவர் திருப்புளியை எடுத்துக் குனிந்தார். நெடுநேரம் தனியாகவே போராடினார். பிறகு, நிமிராமலே, "சிவப்பு எங்க நிக்குது?" என்றார். இருபத்தேழு நாளுக்குப் பின் நான் கேட்ட முதல் சொற்கள் அவை.

கைப்பையில் அட்டை இருந்தது. அதை நான் எதற்காக எடுத்து வந்தேன் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள முடியவில்லை. கதவருகே போய்ச் சுவரில் பிடித்தேன். "ரெண்டு நூல் இடது."

"இப்ப?"

"ஒண்ணு."

நாற்பது நிமிடத்தில் வட்டம் வெள்ளையாயிற்று. அதனால் என்ன பயன் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையில் அங்கே இருந்தது நாங்கள் இருவர் மட்டுமே. அவர் முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கை குமிழை நோக்கிப் போய், பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவள் நகங்களை வெட்டத் தொடங்கினேன்.

விரல் குமிழின் மேல் அமர்ந்தது. அவள் கண்கள் போன இடமெல்லாம் வட்டம் போயிற்று. அவை தயங்கிய இடங்களில் தானும் தயங்கி நின்றது.

தரையைத் துடைத்துக்கொண்டே வந்த பணிப்பெண் வாளியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் மகளின் முகத்தைப் பார்த்தாள். "அட! பாக்குதும்மா! வெளிச்சத்தையே பாக்குது! யாரோ இதுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னாங்களே?"

அவர் தலை என் பக்கம் திரும்புவது தெரிந்தது. மோதிர விரலின் நகத்தை வெட்டி முடித்தேன்.

"இல்லம்மா," என்றேன். "அது அவர் கை."

பணிப்பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஐந்து மணி ஆக இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.